ஐந்தாம் மாத ஸ்கேன்: நாள் குறிப்பது முதல் ரிப்போர்ட் படிப்பது வரை

டாக்டர் எழுதித் தரும் சீட்டில் ‘அனாமலி ஸ்கேன்’ என்று இருக்கும். சிலர் ‘டிஃபா’ என்றோ ‘டார்கெட் ஸ்கேன்’ என்றோ எழுதுவார்கள். எல்லாம் ஒன்றுதான். வயிற்றில் இருக்கும் குழந்தையைத் தலையிலிருந்து பாதம் வரை உறுப்பு உறுப்பாகப் பார்த்து, உருவாக்கத்தில் ஏதாவது குறை இருக்கிறதா என்று தேடும் ஸ்கேன் இது. வீட்டுப் பெரியவர்களுக்கு இது ‘ஐந்தாம் மாத ஸ்கேன்’. ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும் ஸ்கேன் என்ற நினைப்பும் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. இந்தியாவில் அதைச் சொல்ல மாட்டார்கள். சொல்வதும் குற்றம், சொல்லச் சொல்லி நாடுவதும் குற்றம். சட்ட விவரம் கீழே இருக்கிறது. அந்த ஒரே கேள்வியில் குடும்பத்தின் கவனம் முழுக்கப் போய்விடுவதால், இதயம் முழுதாகத் தெரிந்ததா, நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்பது போன்ற கேள்விகளை யாரும் கேட்பதில்லை. நஷ்டம் அங்கேதான்.

எந்த வாரம் போக வேண்டும்

மாதக் கணக்கை விட்டுவிட்டு வாரக் கணக்குக்கு வாருங்கள். கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கலாம். நம் ஊர் நிலைமைக்கு 19, 20-ஆம் வாரங்களே மிக வசதி.

கடைசி மாதவிலக்கு ஜனவரி 1 என்று வைத்துக்கொள்வோம். லீப் வருடம் இல்லாவிட்டால், 18 வாரம் முடிவது மே 7. 20 வாரம் மே 21. 24 வாரம் ஜூன் 18. ‘ஐந்து மாதம் முடியட்டும், போகலாம்’ என்று ஜூன் 1 வரை காத்திருந்தால் 21 வாரம் 4 நாள் ஆகிவிட்டிருக்கும். ஸ்கேனில் ஒன்றும் இல்லையென்றால் இந்தத் தாமதத்தால் பாதகமில்லை. ஏதாவது தெரிந்தால், பெரிய டாக்டரிடம் காட்டி, பனிக்குட நீரைப் பரிசோதித்து, முடிவு வந்து, குடும்பமாக யோசிக்க இரண்டரை வாரம்கூட மிஞ்சாது. 24 வாரம் என்பது கருக்கலைப்புச் சட்டத்தில் ஒரு எல்லைக்கோடு. அதனால்தான் 19-20 என்று அழுத்திச் சொல்வது.

சீக்கிரம் போவதிலும் பலன் இல்லை. 16 வாரத்தில் இதயம் மிகச் சிறியது. அறைகளும் இரத்தக் குழாய்களும் தெளிவாகப் பிரிந்து தெரியாது. பலரை ‘இரண்டு வாரம் கழித்து வாங்க’ என்று திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். 22 வாரத்துக்குப் பிறகோ எலும்புகள் கெட்டியாகி நிழல் விழ ஆரம்பிக்கும், குழந்தைக்குப் புரள இடமும் குறையும்.

மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்கு மூன்று மாதத்துக்குள் எடுத்த முதல் ஸ்கேன்தான் கணக்கு. அதில் தலையிலிருந்து பிட்டம் வரை அளந்து சொன்ன வாரம் ஒரு வாரத்துக்குமேல் பிசகாது. ஐ.வி.எஃப். மூலம் கருவுற்றவர்கள் ஐந்தாம் நாள் கருவை வைத்த தேதியை 2 வாரம் 5 நாள் என்று எடுத்துக்கொண்டு எண்ணலாம்.

நல்ல சென்டர்களில் இந்த ஸ்கேனுக்கு முன்பதிவு வேண்டும். 16-ஆம் வாரத்திலேயே போன் செய்துவிடுங்கள். ‘கரு மருத்துவம்’ படித்த டாக்டரோ ரேடியாலஜிஸ்டோ நேரில் எடுக்கிறாரா, ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள் என்று கேளுங்கள். முழு ஸ்கேனுக்கு 20 முதல் 40 நிமிடம் பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் முடிகிறது என்றால் அது அனாமலி ஸ்கேன் இல்லை; குழந்தை உயிரோடு இருக்கிறது, இதயம் துடிக்கிறது என்று பார்த்ததோடு சரி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் சென்னை எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனையிலும் இந்த வசதி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த ஸ்கேன் எந்த வகை என்று அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கையில் என்னென்ன வேண்டும்

டாக்டரின் பரிந்துரைச் சீட்டு, அடையாள அட்டை, முதல் மூன்று மாத ஸ்கேன் ரிப்போர்ட்கள், என்.டி. ஸ்கேனும் (குழந்தையின் பிடரி நீரை அளப்பது) டபுள் மார்க்கரும் (இரத்தப் பரிசோதனை) எடுத்திருந்தால் அவற்றின் முடிவு. தமிழ்நாட்டில் பிக்மி நம்பரும் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும்போது தரும் எண்) கேட்பார்கள். இன்னும் பதிவு செய்யாதவர்கள் கிராம சுகாதார செவிலியரிடமோ நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லி வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதும் அது தேவைப்படும்.

வரவேற்பறையில் ஒரு படிவம் நிரப்புவார்கள். அதுதான் எஃப் படிவம். பெயர், வயது, முகவரி, கணவர் பெயர், யார் அனுப்பினார், கடைசி மாதவிலக்குத் தேதி, எதற்காக ஸ்கேன் என்பதோடு, ஏற்கெனவே எத்தனை குழந்தைகள், அவை ஆணா பெண்ணா, என்ன வயது என்றும் கேட்பார்கள். ‘இரண்டும் பெண்ணா?’ என்று கேட்கிறார்களே எனச் சிலருக்குச் சுருக்கென்றிருக்கும். சட்டம் கேட்கச் சொல்வதைத்தான் கேட்கிறார்கள். பாலினத்தை அறிய விரும்பவில்லை என்று கர்ப்பிணியும், அதைக் கண்டறியவோ தெரிவிக்கவோ இல்லை என்று டாக்டரும் அதிலேயே உறுதிமொழிக் கையெழுத்திட வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் சென்டர்காரர்கள் பதறுவது சும்மா இல்லை. எஃப் படிவத்தைச் சரியாக நிரப்பாததைச் ‘சின்ன எழுத்துப் பிழை’ என்று விட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்துவிட்டது. எனவே விவரங்களை முழுதாகவும் சரியாகவும் சொல்லுங்கள்.

டாக்டரிடம் தானாகவே சொல்ல வேண்டியவை சில உண்டு, யாரும் கேட்காவிட்டாலும். சொந்தத்தில் திருமணமா, அதிலும் தாய்மாமன், அத்தை மகன் போன்ற நெருங்கிய உறவா? முந்தைய குழந்தைக்கோ உங்களுக்கோ கணவருக்கோ பிறவியிலேயே இதயக் கோளாறு இருந்ததா? கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய் உண்டா? வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? முன்பு சிசேரியன் ஆனதா? இவை ஒவ்வொன்றுக்கும் டாக்டர் எந்த உறுப்பைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்பது மாறும். முதல் மூன்றில் எது ‘ஆம்’ என்றாலும் குழந்தையின் இதயத்துக்கென்றே தனியாக எடுக்கும் ‘ஃபீட்டல் எக்கோ’ தேவைப்படலாம்.

அன்றைய தினம்

சாப்பிட்டுவிட்டே போங்கள். வெறும் வயிற்றில் போக வேண்டிய ஸ்கேன் இது இல்லை. காத்திருப்பில் மயக்கம் வந்ததுதான் மிச்சமாகும். ஆறாம் வார ஸ்கேனுக்கு முட்ட முட்டத் தண்ணீர் குடித்த ஞாபகத்தில் இதற்கும் ஒரு லிட்டர் குடித்துவிட்டுத் தவிப்பவர்கள் நிறைய. ஐந்தாம் மாதத்தில் அது தேவையில்லை. சிறுநீர்ப்பை ஓரளவு நிறைந்திருந்தால் போதும். மிகவும் நிறைந்தால் கர்ப்பப்பை வாயை அழுத்தி, உண்மையில் இருப்பதைவிட நீளமாகக் காட்டும். மேலே இருக்கும் நஞ்சுக்கொடியையும் கீழே இருப்பதுபோலக் காட்டிவிடும்.

உடை, சேலை அல்லது மேலும் கீழும் தனித்தனியான சுடிதார். முழு நைட்டி, ஒற்றை கவுன் வேண்டாம். மார்பிலிருந்து அடிவயிறு வரை ஜெல் தடவ வேண்டும். வயிற்றில் எண்ணெய், கிரீம் தடவிக்கொண்டு போகாதீர்கள். நீண்ட நேரம் மல்லாந்து படுத்தால் சிலருக்குத் தலை சுற்றும், வியர்க்கும். கனமான கர்ப்பப்பை பின்னாலிருக்கும் பெரிய இரத்தக் குழாயை அழுத்துவதால் அப்படி ஆகிறது. உடனே சொல்லி இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள், ஓரிரு நிமிடத்தில் சரியாகும்.

இதில் கதிர்வீச்சு இல்லை. எக்ஸ்ரே வேறு, இது காதுக்குக் கேட்காத ஒலி அலை.

குழந்தை குப்புறக் கிடந்தால் முதுகெலும்பு நன்றாகத் தெரியும், முகமும் இதயமும் தெரியாது. ‘பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு வாங்க’ என்பார்கள். நடந்து, சிறுநீர் கழித்துவிட்டு வந்தால் பெரும்பாலும் புரண்டிருக்கும். ‘சாக்லேட் சாப்பிட்டால் திரும்பும்’ என்று வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் சொல்வதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சாப்பிடுவதில் தவறும் இல்லை, சர்க்கரை இல்லாதவர்கள் என்றால். அப்படியும் தெரியாவிட்டால் ஒரு வாரத்தில் மறுபடி வரச் சொல்வார்கள். வயிற்றுக் கொழுப்பு அதிகம் உள்ளவர்களுக்கும் பழைய அறுவைத் தழும்பு தடித்திருப்பவர்களுக்கும் இது அடிக்கடி நடக்கும். அலுத்துக்கொள்ளாமல் மறுபடி போய்விடுங்கள். பார்க்க முடியாததை ‘நார்மல்’ என்று எழுதித் தருபவரைவிட, மறுபடி வரச் சொல்பவர் நல்ல டாக்டர்.

கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளக்கப் பிறப்புறுப்பு வழியாக ப்ரோப் வைத்துப் பார்க்கலாம் என்பார்கள். அதற்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். குழந்தைக்கோ கர்ப்பத்துக்கோ இதனால் ஆபத்து கிடையாது. முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர்கள் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய அளவு இது. 25 மி.மீ. அல்லது அதற்குக் கீழே என்றால் அன்றே உங்கள் மகப்பேறு டாக்டரிடம் பேச வேண்டும்.

என்ன பார்க்கிறார்கள்

தலையில் ஆரம்பிப்பார்கள். மூளையின் நீர் அறைகள் 10 மி.மீ.க்குக் கீழே இருக்க வேண்டும். பின்மூளை, அதன் பின்னால் இருக்கும் நீர் இடைவெளி, பிடரித் தோலின் தடிமன். பிறகு முகம்: கண்கள், மூக்கெலும்பு, மேலுதடு. முதுகெலும்பை நீளவாக்கிலும் குறுக்கிலும் பார்ப்பார்கள். நெஞ்சில் இதயம். நான்கு அறைகள் மட்டும் தெரிந்தால் போதாது. இதயத்திலிருந்து வெளியேறும் இரண்டு பெரிய குழாய்களும் ஒன்றையொன்று குறுக்காகக் கடப்பது தெரிய வேண்டும். குழாய்கள் இடம் மாறிய இதயத்தில்கூட நான்கு அறைகள் ஒழுங்காகவே தெரியும் என்பதால் இந்தப் பார்வை முக்கியம். வயிற்றில் இரைப்பை, இரண்டு சிறுநீரகங்கள், சிறுநீர்ப்பை, தொப்புள்கொடி சேருமிடம். தொப்புள்கொடியில் மூன்று குழாய்கள். கை கால் எலும்புகள், பாதம் திரும்பியிருக்கிறதா என்பது. கடைசியில் பனிக்குட நீர், நஞ்சுக்கொடி, கர்ப்பப்பை வாய்.

வளர்ச்சிக்கு நான்கு அளவுகள் எடுப்பார்கள். 20 வாரத்தில் தலையின் குறுக்களவு சுமார் 47 மி.மீ., தலையின் சுற்றளவு 175, வயிற்றின் சுற்றளவு 150, தொடையெலும்பு 33. எடை 330 கிராம் வாக்கில் வரும். இவை எல்லாம் சராசரி. நாலைந்து நாள் முன்பின் இருப்பது இயல்பு. எடைக் கணக்கில் பத்துப் பதினைந்து சதவீதம் பிசகலாம்.

எல்லாம் தெரிந்துவிடுமா? தெரியாது. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை தன் ஸ்கேன் திட்டத்துக்கு வைத்திருக்கும் எதிர்பார்ப்பே இதைச் சொல்லும். மண்டையோடு உருவாகாத குறையில் 98 சதவீதம் பிடிபடும்; முதுகெலும்பு மூடாத குறையில் 90; உதட்டுப் பிளவில் 75; கடுமையான இதயக் குறைகளில் 50 தான். கருவிலேயே இயல்பாகத் திறந்திருக்கும் சில துளைகளும் குழாய்களும் பிறந்த பிறகுதான் மூட வேண்டும். அவை மூடாமல் போகுமா என்று எந்த ஸ்கேனாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சிறுகுடல் அடைப்பு, சில வகைக் குள்ளத்தன்மை போன்றவை 24 வாரத்துக்குப் பிறகே முகம் காட்டும். காது கேட்குமா, பார்வை, ஆட்டிசம் ஆகியவற்றுக்கும் இந்த ஸ்கேனுக்கும் தொடர்பே இல்லை. டவுன் சின்ட்ரோமுக்கான சரியான சோதனையும் இது அல்ல. டவுன் சின்ட்ரோம் உள்ள பல குழந்தைகளின் ஸ்கேன் சுத்தமாக வந்திருக்கிறது. அதற்கு 11 முதல் 14 வாரத்துக்குள் என்.டி. ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும், அல்லது 10 வாரத்துக்குப் பிறகு எடுக்கும் என்.ஐ.பி.டி. என்ற இரத்தப் பரிசோதனை. இரண்டும் தவறிப்போனவர்கள் இப்போதே டாக்டரிடம் ‘குவாட்ரூப்பிள் டெஸ்ட் என்ற இரத்தப் பரிசோதனை எடுக்கலாமா?’ என்று கேட்க வேண்டும். அதற்கான வாரங்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ரிப்போர்ட்டில் பயமுறுத்தும் வார்த்தைகள்

பிரச்சினை இல்லாத ரிப்போர்ட்டிலும் நெஞ்சைப் பிடிக்க வைக்கும் வரி ஒன்றாவது இருக்கும். ‘ப்ரீச் ப்ரெசென்டேஷன்’ என்றால் குழந்தையின் தலை மேலே இருக்கிறது. 20 வாரத்தில் அதற்கு அர்த்தமே இல்லை. ஒரு நாளில் பலமுறை புரளும். 36 வாரத்தில் அப்படியே இருந்தால் பேசலாம். ‘லிக்கர் அடிக்வேட்’ என்றால் பனிக்குட நீர் போதுமான அளவு.

‘லோ லையிங் ப்ளசென்டா’ என்பதைப் பார்த்ததும் வீட்டில் ‘நஞ்சு கீழே இருக்கு, அசையாதே, படுத்தே இரு’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். நஞ்சுக்கொடியின் ஓரம் கர்ப்பப்பை வாயின் உள்துளையிலிருந்து 20 மி.மீ.க்குள் இருந்தால் அப்படி எழுதுவார்கள். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி வளர வளர இடைவெளியும் கூடும். பத்தில் ஒன்பது பேருக்கு எட்டாம் மாதத்துக்குள் சரியாகிவிடும். செய்ய வேண்டியது 32 வாரத்தில் மறு ஸ்கேன், அதுவரை இரத்தம் பட்டால் உடனே மருத்துவமனை. படுத்தே கிடப்பதால் நஞ்சு மேலே ஏறாது. இதில் ஒரு விதிவிலக்கை மறக்கக் கூடாது. முன்பு சிசேரியன் ஆனவருக்கு நஞ்சுக்கொடி முன்பக்கமாகவும் கீழேயும், பழைய தழும்பின் மேல் இருந்தால் அது தழும்புக்குள் ஊடுருவியிருக்கிறதா என்று அனுபவமுள்ளவர் பார்த்தாக வேண்டும். பிரசவத்தில் உயிருக்கு ஆபத்தான இரத்தப்போக்கு உண்டாக்கும் நிலை அது. முன்பே தெரிந்தால் இரத்த வங்கி உள்ள பெரிய மருத்துவமனையில் ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

அடுத்தது ‘சாஃப்ட் மார்க்கர்’ எனப்படும் சிறு அடையாளங்கள். இதயத்தில் மின்னும் ஒரு வெள்ளைப் புள்ளி, மூளையில் சின்ன நீர்க்கட்டி, சிறுநீரகத்தில் நீர் சற்றே தேங்கியிருப்பது. இவை நோய் அல்ல. ஆரோக்கியமான குழந்தைகளிலும் வரும். குரோமோசோம் கோளாறு உள்ள குழந்தைகளில் கொஞ்சம் அதிகமாக வரும் என்பதால் எழுதி வைக்கிறார்கள். இதயப் புள்ளி ஆசியக் குழந்தைகளில் நிறையவே தெரியும். இதயத்தின் வேலைக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. மூளையின் நீர்க்கட்டி பெரும்பாலும் ஏழாம் மாதத்துக்குள் தானே கரையும். டபுள் மார்க்கரோ என்.ஐ.பி.டி.யோ ‘லோ ரிஸ்க்’ என்று வந்திருந்து, இந்த இரண்டில் ஒன்று மட்டும் தனியாக இருந்தால் வேறு சோதனை வேண்டியதில்லை. சிறுநீரகத்தில் நீர்த்தேக்கம் 4 மி.மீ.க்கு மேல் என்றால் 32 வாரத்தில் மறுபடி அளக்க வேண்டும். தொப்புள்கொடியில் மூன்றுக்குப் பதில் இரண்டே குழாய் என்றால் வளர்ச்சியைக் கடைசி மூன்று மாதத்தில் கவனிப்பார்கள்.

லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாதவையும் இந்தப் பட்டியலில் உண்டு. பிடரித் தோல் 6 மி.மீ. அல்லது அதற்கு மேல், மூக்கெலும்பு இல்லாமை, குடலானது எலும்பைப் போல் வெள்ளையாகத் தெரிவது, அல்லது இரண்டு மூன்று அடையாளங்கள் சேர்ந்து வருவது. அந்த வாரத்திலேயே கரு மருத்துவ நிபுணரிடம் போக வேண்டும்.

ரிப்போர்ட்டில் ‘தெரியவில்லை’ என்பதும் ‘இல்லை’ என்பதும் வேறு வேறு. ‘நாட் விஷுவலைஸ்டு’, ‘சப் ஆப்டிமல்’ என்றால் குழந்தை கிடந்த வாகில் பார்க்க முடியவில்லை என்று பொருள். ‘ஆப்சென்ட்’ என்றால் அந்த உறுப்பே இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு இரவெல்லாம் அழுதவர்கள் உண்டு. குழப்பிக்கொண்டு மறு ஸ்கேனுக்கே போகாமல் இருந்துவிடுவது அதைவிட மோசம்.

இன்னொரு குழப்பம், பிரசவத் தேதி. ரிப்போர்ட்டில் இரண்டு தேதிகள் இருக்கும்: மாதவிலக்குப்படி ஒன்று, இன்றைய அளவுப்படி ஒன்று. முதல் மூன்று மாதத்தில் முடிவான தேதிதான் கடைசிவரை. அதை ஒவ்வொரு ஸ்கேனுக்கும் மாற்றிக்கொண்டு போனால், குழந்தை வளராமல் நின்றுபோனாலும் ‘தேதி தள்ளிப்போச்சு’ என்று நினைத்து ஏமாந்துவிடுவோம்.

வெளியே வருமுன் கேட்க வேண்டியவை இவை: எல்லா உறுப்பும் தெரிந்ததா, தெரியாதது எது? இதயத்தின் இரண்டு குழாய்களும் தெரிந்தனவா? நஞ்சுக்கொடி எங்கே? கர்ப்பப்பை வாய் எத்தனை மி.மீ.? அடுத்த ஸ்கேன் எந்த வாரம், எதற்காக?

ஆணா, பெண்ணா

1994-இல் இயற்றப்பட்டு 1996 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.டி.டி. சட்டம் 2003-இல் திருத்தப்பட்டு பி.சி.பி.என்.டி.டி. ஆனது. கருவின் பாலினத்தைச் சொல்லாலோ, சைகையாலோ, வேறு எந்த விதத்திலோ கர்ப்பிணிக்கும் உறவினருக்கும் தெரிவிக்கக் கூடாது என்கிறது அது. மீறும் டாக்டருக்கும் சென்டர் உரிமையாளருக்கும் முதல் முறை 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். குற்றம் உறுதியானால் மருத்துவப் பதிவேட்டிலிருந்து 5 ஆண்டுக்குப் பெயர் நீக்கம். இரண்டாம் முறை நிரந்தரமாக. கண்டறிந்து சொல்லுமாறு நாடும் கணவர், மாமியார், வேறு யாராக இருந்தாலும் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். கட்டாயப்படுத்தப்பட்ட கர்ப்பிணிக்குத் தண்டனை இல்லை. கணவரும் உறவினரும்தான் அவரைக் கட்டாயப்படுத்தியிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது அவர்கள் பாடு.

எனவே ஸ்கேன் அறையில் ‘சும்மா ஒரு ஹின்ட் கொடுங்க டாக்டர்’ என்று சிரித்துக்கொண்டே கேட்பதுகூட அவரைச் சங்கடத்தில் தள்ளுகிறது. போனை வெளியே வைக்கச் சொல்வதும், வீடியோ எடுக்க விடாததும், சில இடங்களில் கணவரை உள்ளே அனுமதிக்காததும் இதன் காரணமாகவே. என்.ஐ.பி.டி. இரத்தப் பரிசோதனை முடிவிலும் இந்தியாவில் பாலினம் வராது. வெளிநாட்டுக்கு இரத்த மாதிரி அனுப்பிச் சொல்கிறோம் என்று வரும் விளம்பரங்களும் இதே சட்டத்துக்குள்தான் வருகின்றன. விளம்பரம் செய்வதே தனிக் குற்றம்.

உசிலம்பட்டியையும் சேலத்தையும் நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கியது பெண் சிசுக்கொலையைத் தடுக்கத்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகள். கையடக்க ஸ்கேன் கருவியை வைத்துக்கொண்டு வீடுகளில் பாலினம் சொல்லிப் பணம் பறித்த கும்பல்கள் தருமபுரிப் பக்கம் பிடிபட்டிருக்கின்றன. அப்படிச் சொல்பவர்கள் பலருக்கு ஸ்கேன் படிக்கவே தெரியாது. பணம் கொடுத்தவர் புகார் கொடுக்கவும் முடியாது என்பதை நம்பித்தான் அந்தத் தொழில் நடக்கிறது. தெரியவந்தால் 104-க்கோ மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கோ சொல்லலாம்.

ரிப்போர்ட்டை வைத்துக் கணிக்கும் வித்தைகள் ஒன்றும் பலிக்காது. இதயத்துடிப்பு 140-க்கு மேல் என்றால் பெண், கீழே என்றால் ஆண் என்பது பொய்; நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை எல்லாக் குழந்தைக்கும் இயல்பு, அசைந்தால் ஏறும், தூங்கினால் இறங்கும். நஞ்சுக்கொடி முன்னால் இருந்தால் பெண், பின்னால் இருந்தால் ஆண் என்பதும் அப்படியே. முன்னால் இருந்தால் குழந்தையின் அசைவு அம்மாவுக்குத் தெரியச் சில வாரம் தாமதமாகும், அவ்வளவுதான். வயிறு கூராக இருப்பதும் அகலமாக இருப்பதும் அம்மாவின் தசைகளைப் பொறுத்தது. ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது அப்பாவின் விந்தணு கொண்டுவரும் எக்ஸ் அல்லது ஒய் குரோமோசோம். மருமகளைக் குற்றம் சொல்லும் வீடுகளில் இதைச் சத்தமாகச் சொல்லலாம்.

இங்கிலாந்து போன்ற நாடுகளில் வாழும் தமிழர்களுக்கு நிலைமை வேறு. அங்கே 20 வார ஸ்கேனில் விருப்பப்பட்டால் தெரிந்துகொள்ளலாம். எல்லா மருத்துவமனையிலும் சொல்வதில்லை. ஸ்கேன் ஆரம்பிக்கும்போதே ‘சொல்லுங்கள்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ தெரிவித்துவிட வேண்டும். நூற்றுக்கு நூறு உறுதி என்று அங்கும் யாரும் சொல்வதில்லை. கால்களை மடக்கிக் குறுக்கிக்கொண்டு கிடக்கும் குழந்தையிடம் ஒன்றும் தெரியாது. எனவே சுவருக்கு வண்ணம் அடிப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

குறை ஒன்று தெரிந்தால்

முதல் நாளில் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். ஆனால் ஒரு வாரத்தைச் சும்மா கடத்தவும் வேண்டாம். கரு மருத்துவ நிபுணரிடம் மறு ஸ்கேன். இதயத்தில் சந்தேகம் என்றால் ஃபீட்டல் எக்கோ. குரோமோசோம் சந்தேகம் என்றால் பனிக்குட நீரில் ஊசி போட்டு எடுக்கும் பரிசோதனை. 15 வாரத்துக்குப் பிறகு செய்யலாம், கரு கலையும் ஆபத்து நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவு. விரைவு முடிவு சில நாட்களில் வரும், முழு முடிவுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம். பிறந்தபின் அறுவை சிகிச்சை தேவைப்படும் குறை என்றால் குழந்தை அறுவை நிபுணரையும் பிரசவத்துக்கு முன்பே பார்த்துப் பேசுங்கள். உதட்டுப் பிளவு, வளைபாதம் போன்றவற்றை நன்றாகச் சரிசெய்ய முடியும். அதைக் கேட்காமலே கலங்கிப் போகிறவர்கள் அதிகம்.

2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, கடுமையான குறை இருந்தால் 20 வாரத்துக்கு மேல் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் ஒப்புதலோடு கர்ப்பத்தைக் கலைக்கலாம். 24 வாரம் தாண்டினால் அரசு அமைத்த மருத்துவ வாரியம் முடிவு செய்யும். வயதுவந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை.

ஒன்றும் இல்லையென்றால் அடுத்த ஸ்கேன் பொதுவாக 28 முதல் 32 வாரத்துக்குள், வளர்ச்சி பார்க்க. அதுவரை ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். சென்டர் தரும் பளபளப்பான கறுப்பு வெள்ளைப் படம் வெப்பத்தாளில் அச்சானது. லேமினேட் செய்தால் மொத்தமும் கறுத்துவிடும், வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும். வந்த அன்றே போனில் படமெடுத்து, ரிப்போர்ட்டையும் ஸ்கேன் செய்து இரண்டு பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பிரசவ வலியோடு நடுராத்திரி வேறு மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தால் அங்கே முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான்.